மண்ணெண்ணெய்க் காலம்

1990ஆம் ஆண்டுக்குப் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் ஜாம் போத்தல் விளக்கும் கூடவே வந்துவிடுகின்றது. ஒரு சிறு கண்ணாடிப் போத்தல், அதன் அடியில் மண்ணெண்ணெயில் ஊறிய சிறிது பஞ்சு, ஒரு மெல்லிய திரி, அவ்வளவுதான். அரிக்கன் லாம்பு குடிக்கும் எண்ணெயில் ஒரு சிறு பங்கைக்கொண்டு எரிந்த அந்த விளக்கின் ஒளியிலே படித்துப் பல்கலைக்கழகம் புகுந்தோர் இன்று வைத்தியராகவும் பொறியியலாளராகவும் நம்மிடையே விளங்குகின்றனர். மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் வண்டிகள், சைக்கிள் டைனமோவைச் சுழற்றிக் கேட்ட வானொலிச் செய்தி, உப்புநீர் ஊற்றி உயிர் கொடுத்த பழைய பற்றரி ஆகிய யாவும் பெருமையோடு எடுத்துரைக்கப்படுகின்றன. பெருமை கொள்வதில் தவறில்லை. ஆயின், சமாளித்தவரின் கதை மாத்திரமே வரலாறாகிவிடும்போது, சமாளிக்க முடியாமற் போனவர் அவ்வரலாற்றிலிருந்து வெளியேற்றப்பட்டு விடுகின்றனர். சைக்கிள் கரியரில் இருத்தி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு வழியிலேயே உயிரிழந்தவர், ஜாம் போத்தல் விளக்கின் புகழைப் பாட வரமாட்டார். இக்கட்டுரை அவரை மனத்திற்கொண்டு எழுதப்படுகின்றது.

எரிபொருட் தடை 1990இல் முதன்முதலாகத் தோன்றியதன்று. 1987 சனவரியில், விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்தின் சிவில் நிருவாகத்தைத் தாமே பொறுப்பேற்கப் போவதாக வெளிப்படுத்தியபோது, ஜே. ஆர். ஜயவர்த்தனவின் அரசாங்கம் உடனே கையிலெடுத்த ஆயுதம் எரிபொருட் தடையே. அவ்வாண்டு யூன் 4ஆம் நாள் இந்திய விமானங்கள் ஏறத்தாழ 25 தொன் நிவாரணப் பொருள்களைக் குடாநாட்டின் மீது இட்டுச் சென்றமை யாவரும் அறிந்ததே. வானத்தில் வந்த விமானங்களைப் பற்றி எழுதியோர் பலர். அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்னரே தரையில் நிறுத்தப்பட்ட பெற்றோலையும் டீசலையும் பற்றி எழுதியோர் சிலரே.

1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. அம்மாதத்திலேயே யாழ்தேவி புகையிரதம் நின்றது. தெற்கிலிருந்து வந்த மின்சாரமும் நின்றது. புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தை அடைந்தது 2014 ஒக்ரோபரில் என்பதையும், குடாநாடு தேசிய மின்வலையமைப்போடு மீளவும் இணைந்தது 2013ஆம் ஆண்டளவிலேதான் என்பதையும் எண்ணிப் பார்க்கும்போது அத்தடையின் நீளம் ஒருவாறு புலப்படும். மாணவனாயிருந்தவன் ஆசிரியனாகித் தன் மாணவரையும் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிடக்கூடிய காலம் அது. வடக்கே கொண்டுசெல்லக்கூடாத பொருள்களின் பட்டியலில் பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, இரும்பு, இரசாயன உரம் என்பன இடம்பெற்றன. மண்ணெண்ணெய் மட்டும், குறுக்கப்பட்ட அளவில், அரசாங்க அதிபரின் பங்கீட்டுக்கு உட்பட்டு வந்து சேர்ந்தது. சங்கக்கடையில் பங்கீட்டு அட்டையோடு நிற்கும் நீண்ட வரிசை அன்றாடக் காட்சியாயிற்று. அவ்வரிசையிற் கிடைத்தது போதாதபோது வெளிச்சந்தையிலே பன்மடங்கு விலை. கையிற் பணமுள்ளவன் வாங்கினான். இல்லாதவன் பொழுது சாய்வதற்கு முன் உண்டு, இருளில் உறங்கினான்.

எரிபொருள் என்றவுடன் நகரவாசிக்கு வாகனம் நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்துக் கமக்காரனுக்கு நினைவுக்கு வருவது கிணறு. மழைக்காலத்து வழுக்கியாற்றைத் தவிர ஆறெதுவும் இல்லாத சுண்ணாம்புக்கல் நிலம் அது. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் கிணற்று நீரைக்கொண்டே விளைந்தன. 1950களிலும் 1960களிலும் நீரிறைக்கும் இயந்திரம் வந்து சேரும்வரை அந்நீரை மேலே கொண்டுவந்தது துலா. துலாவின் மேல் ஒருவர் ஏறி முன்னும் பின்னுமாக நடக்க, கீழே ஒருவர் பட்டையைப் பிடித்து ஊற்ற, வேறொருவர் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவார். விடியுமுன் தொடங்கும் அவ்வேலையைப் பெரிய தோட்டங்களிற் செய்தோர் நிலமற்ற கூலிகளும் ஒடுக்கப்பட்ட சாதியினருமே. இயந்திரம் வந்தபோது கமக்காரனின் செலவு கூடிற்று என்பது உண்மை. துலா மிதித்தவனின் முதுகு ஓரளவு நிமிர்ந்தது என்பதும் உண்மை. தடைக்காலத்தில் இயந்திரங்கள் ஓய்ந்தபோது, கழற்றி மூலையிற் போடப்பட்டிருந்த துலாக்கள் மீண்டும் பூட்டப்பட்டன. எரிபொருளைத் தடுத்தவர்கள் ஒரு தலைமுறைக்கு முன் ஒழிந்துகொண்டிருந்த உடலுழைப்பை மீண்டும் அழைத்து வந்தார்கள். அவ்வுழைப்பு யார் தோளில் விழுந்தது என்பதைக் கூறவேண்டுவதில்லை. துலாவை நம் பண்பாட்டுச் சின்னமாக நூதனசாலையில் வைத்து மகிழ்வோர் அதை ஒரு மணி நேரமாவது மிதித்துப் பார்த்தல் நன்று.

வீட்டுக்குள் இச்சுமை பெண்கள் மீது இறங்கிற்று. மண்ணெண்ணெய் அடுப்பு அணைந்த வீடுகளில் விறகும் பன்னாடையும் ஊமலும் பனைமட்டையும் எரிந்தன. விறகு காலைகளில் விலை ஏறியது. பனைகளோ பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமாகத் தறிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. இடம்பெயர்ந்து கோயில்களிலும் பாடசாலைகளிலும் தங்கியிருந்தோர்க்குக் குடிநீரைக் கொதிக்கவைப்பதும் ஒரு செலவாயிற்று. கொதித்தாறிய நீரைப் பருகுக என்று சுகாதாரப் பரிசோதகர் அறிவுரை கூறலாம். அந்நீரைக் கொதிக்கவைக்கும் விறகை யார் தருவார்? வயிற்றோட்டமும் நெருப்புக் காய்ச்சலும் நுழைவதற்கு இவ்வளவு வாயில் போதும்.

கார்களைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். குடாநாட்டின் வீதிகளில் அக்காலத்தில் ஓடியவை பழைய மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ்களும். அவை பழையவையாக இருந்தமையே அவற்றின் பலமாயிற்று. மண்ணெண்ணெய் குளிர்ந்த நிலையில் எளிதில் ஆவியாவதில்லை. ஆதலால், சில துளி பெற்றோலை காபுரேற்றரினுட் செலுத்தி இயந்திரத்தை முடுக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அமுக்க விகிதம் குறைந்த பழைய இயந்திரங்கள் இதைப் பொறுத்துக்கொண்டன. புதிய யப்பானிய இயந்திரங்கள் அவ்வளவு பொறுமை காட்டவில்லை. அவற்றிலிருந்து வெளியேறிய புகையும், உள்ளே படிந்த கரியும், அடிக்கடி வழியில் நின்ற இயந்திரங்களும் இக்கதையின் மறுபகுதி. ஒரு துளி பெற்றோல் மருந்துச் சீசாவிலே பேணப்பட்ட காலம் அது. இந்தத் தொழில்நுட்பத்துக்கு உரிய இரும்பு வணிகத்திலும் உதிரிப்பாக வணிகத்திலும் பெரும் அனுபவமுடையவர்களாக இருந்தோர் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள். அவர்களை 1990 ஒக்ரோபர் 30ஆம் நாள் விடுதலைப் புலிகள் சில மணித்தியால அவகாசத்தில் குடாநாட்டை விட்டே விரட்டினர். தடையினால் தமிழ் மக்கள் பட்ட துயரைப் பேசும் வாய், அவ்வாண்டிலேயே அயலவருக்கு இழைக்கப்பட்ட இக்கொடுமையைப் பேசாது விடுமாயின் அப்பேச்சுக்கு மதிப்பில்லை.

தடையின் நோக்கம் போராளிகளின் வாகனங்களையும் படகுகளையும் முடக்குவதென்று கூறப்பட்டது. அவை முடங்கினவா? இல்லை. தடையைக் கடந்துவந்த பொருள்களின் மீது புலிகள் வரி அறவிட்டனர்; கடல்வழியே தமக்கு வேண்டியதைக் கொணர்ந்தனர்; அவர்களின் வாகனங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. பற்றாக்குறை எங்கும் முதலில் ஆயுதமில்லாதவனையே சென்றடையும். தலைவாசலில் நிற்கும் துவக்குக்காரனுக்குக் கஞ்சி ஊற்றியபின்பே பானையில் எஞ்சியது பிள்ளைகளுக்கு வரும். தடை விதித்த கொழும்பு இதை அறியாதிருக்க நியாயமில்லை.

இனி வைத்தியசாலைக்கு வருவோம்.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், அரசாங்க அதிபராயிருந்த டைக் துரையின் முயற்சியால் தொடங்கப்பெற்றது. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் ஏற்பட்டபின் போதனா வைத்தியசாலையாயிற்று. அது கோட்டைக்கு அண்மையிலே அமைந்தமை அதன் துரதிர்ஷ்டம். 1990இன் நடுப்பகுதியில் கோட்டை முற்றுகையிடப்பட்டபோது அதனைச் சூழ்ந்த பகுதி போர்க்களமாயிற்று. அவ்வாண்டு நவம்பரில், இரு தரப்பினரின் சம்மதத்தோடும், சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் பாதுகாப்பில் வைத்தியசாலையைச் சுற்றி ஒரு பாதுகாப்பு வலயம் அமைக்கப்பட்டது. குண்டிலிருந்து வைத்தியசாலை ஒருவாறு காக்கப்பட்டது. டீசலின்மையிலிருந்து அதனைக் காக்க எந்தக் கொடியாலும் இயலவில்லை.

இங்கே ஒரு விசித்திரத்தை வாசகர் கவனித்தல் வேண்டும். புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த குடாநாட்டிலும் வைத்தியருக்கும் தாதியருக்கும் ஆசிரியருக்கும் சம்பளம் வழங்கியது இலங்கை அரசாங்கமே. வைத்தியசாலை சுகாதார அமைச்சுக்கு உரியது. ஆயினும் அதன் மின்பிறப்பாக்கிக்குரிய டீசலும் அதன் மருந்துப் பெட்டிகளும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியின்றி வடக்கே நகரமாட்டா. ஓர் அமைச்சு வைத்தியனுக்குச் சம்பளம் கொடுத்து நோயாளியைக் காப்பாற்று என்றது. மற்றோர் அமைச்சு அவனது மேசைக்கு மேலுள்ள விளக்கை அணைத்தது. இரண்டும் ஒரே அரசாங்கம்.

மின்சாரமில்லாத ஒரு வைத்தியசாலையைப் பற்றி எண்ணும்போது சத்திரசிகிச்சைக் கூடத்து விளக்கு மட்டுமே பலர் கண்ணில் தோன்றுகின்றது. அது இழப்புகளில் ஒன்றே. அதற்கு ரோர்ச்சோ பெற்றோமாக்சோ ஓரளவுக்கேனும் ஈடாகலாம். குளிருக்கு ஈடு எதுவுமில்லை. இரத்தத்தை ஏறத்தாழ 2 பாகை முதல் 6 பாகை வரையான வெப்பநிலையிற் பேணினால் ஐந்து வாரங்கள் வரை வைத்திருக்கலாம். குளிர் தவறினால் அது வீணாகிவிடும். ஆகவே சேமித்த இரத்தத்தை நம்பமுடியாத இரத்த வங்கி, காயமுற்றவர் வந்தபின் கொடையாளரைத் தேடி ஓடவேண்டியதாயிற்று. அவரும் சைக்கிளிலேதான் வரவேண்டும். குழந்தைகளுக்கான தடுப்பு மருந்துகள், நீரிழிவு நோயாளியின் இன்சுலின், பாம்புக்கடிக்கான மாற்றுமருந்து என்பனவும் குளிரை நம்பியவையே. மண்ணெண்ணெயில் இயங்கும் குளிர்சாதனப் பெட்டி கிராமப்புறச் சிகிச்சை நிலையங்களிற் பயன்பட்டு வந்தது. மண்ணெண்ணெய் இல்லாதபோது அதுவும் வெறும் அலுமாரியே.

அடுத்தது நீராவி. சத்திரசிகிச்சைக் கருவிகளையும் துணிகளையும் அழுத்தமேற்றிய நீராவியில் 121 பாகை வரை சூடாக்கிக் கிருமி நீக்குவர். அதற்கும் மின்சாரமோ எரிபொருளோ வேண்டும். அடுத்தது நீர். கிணற்று நீரை மேல்தாங்கிக்கு ஏற்றுவது இயந்திரம். இயந்திரம் நின்றால் பிரசவ விடுதியிலும் கழிவறையிலும் தண்ணீர் நிற்கும். நெஞ்சுச் சளியை இழுக்கும் கருவி, எக்ஸ்ரே இயந்திரம், குறைமாதக் குழந்தையின் வெப்பப் பெட்டி என ஒன்றன்பின் ஒன்றாக வரிசை நீளும். மின்பிறப்பாக்கி நாளில் எத்தனை மணித்தியாலம் ஓடலாம் என்பதை நோயாளியின் தேவை தீர்மானிக்கவில்லை. பீப்பாயில் எஞ்சிய டீசல் தீர்மானித்தது. சத்திரசிகிச்சைகளை அந்த மணித்தியாலங்களுக்குள் அடக்கவேண்டியிருந்தது. குடலில் ஏற்படும் முறுக்கும் வயிற்றில் பாயும் எறிகணைத் துண்டும் நேரம் பார்த்து வருவனவா?

வைத்தியசாலையின் மதிலுக்கு வெளியே நிகழ்ந்தது இதனிலும் பெரிது. பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 20 மைல். அம்புலன்சுகள் சிலவே; அவற்றுக்கும் எரிபொருள் அளந்தே கிடைத்தது. கிராமங்களிலிருந்து நோயாளர் சைக்கிளிலும் மாட்டு வண்டிலிலும் கதிரையில் இருத்திச் சுமந்தும் கொண்டுவரப்பட்டனர். பிரசவத்தில் குருதிப்பெருக்கு ஏற்பட்ட பெண்ணின் உயிர் மணிக்கணக்கில் ஊசலாடும் உயிர், நிமிடக்கணக்கிலும் போய்விடும். மந்திகையிலுள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலையில் எல்லைகளற்ற மருத்துவர் அமைப்பினர் பணியாற்றியமை வடமராட்சி மக்களுக்கு எத்துணைப் பேருதவி என்பதை இத்தூரத்தை அறிந்தோர் உணர்வர். மருத்துவமாதுக்கள் இரவில் சைக்கிளில், கையில் விளக்கோடு, ஊரடங்கு வேளைகளிலும் வீடு வீடாகச் சென்றனர். அவர்களுக்கு யாரும் சிலை வைக்கவில்லை, வைக்கவும் மாட்டார்கள்.

இவ்வகை மரணங்கள் போர்ச் சாவுகளாக எங்கும் எழுதப்படுவதில்லை. இறப்புச் சான்றிதழில் குருதிப்பெருக்கு என்றோ, நீரிழிவு என்றோ, வயிற்றோட்டம் என்றோ காரணம் எழுதப்படும். எரிபொருளின்மை என்றொரு நோயை மருத்துவ நூல்கள் அறியா. தடை விதிக்கும் அரசுகளுக்கு இதனாலேயே அது வாய்ப்பான ஆயுதமாகின்றது. குண்டு விழுந்த இடத்தில் குழியிருக்கும், படம் பிடிக்கலாம், யார் வீசியது என்று கேட்கலாம். வராத டீசலுக்குக் குழியில்லை.

சட்டமும் இவ்விடத்தில் கண்ணை மூடிக்கொள்கின்றது. 1949ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவாச் சமவாயம், முற்றுகைக்குள் அகப்பட்ட குடிமக்களுக்கு மருந்தும் மருத்துவமனைப் பொருள்களும் செல்ல வழிவிடுமாறு கூறுகின்றது. எரிபொருளை அது பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அவ்விதியுங்கூட நாடுகளுக்கிடையேயான போருக்கு உரியது. உள்நாட்டுப் போர் பற்றிய 1977ஆம் ஆண்டின் இரண்டாவது மேலதிக உடன்படிக்கை, உணவும் குடிநீர் நிலைகளும் நீர்ப்பாசன வேலைகளும் குடிமக்களைப் பட்டினியிட்டு வதைக்கும் நோக்கோடு அழிக்கப்படுதலையும் முடக்கப்படுதலையும் தடைசெய்கின்றது. இலங்கை அதனை ஏற்றுக் கைச்சாத்திடவில்லை. டீசல் வைத்தியசாலைக்கும் பயன்படும், போர் வாகனத்துக்கும் பயன்படும். ஆதலால் இரண்டுக்கும் இல்லை என்பதே தடுப்பவரின் வாதம். யாழ்ப்பாணத்தில் ஓதப்பட்ட அதே மந்திரம் வேறு நாடுகளிலும் ஓதப்பட்டது. 2023 ஒக்ரோபர் 9ஆம் நாள் காசாவுக்கு மின்சாரமும் உணவும் எரிபொருளும் இல்லையென்று இஸ்ரேல் அறிவித்தது. ஒரு மாதத்தின்பின் அல் ஷிஃபா மருத்துவமனையில் மின்சாரம் அற்றுப்போய், குறைமாதக் குழந்தைகள் வெப்பப் பெட்டிகளிலிருந்து எடுக்கப்பட்டு ஒரே கட்டிலில் அருகருகே கிடத்தப்பட்டனர். அவர்களிற் சிலர் இறந்தனர். எஞ்சிய 31 குழந்தைகள் நவம்பர் 19ஆம் நாள் அங்கிருந்து அகற்றப்பட்டனர். அப்படத்தைப் பார்த்த யாழ்ப்பாணத்து முதியோர்க்கு விளக்கவுரை தேவைப்பட்டிராது.

குடாநாட்டிலிருந்து வெளியேறிச் சிகிச்சை பெறலாமே என்று கேட்பார் உளர். 1991இன் பிற்பகுதியில் ஆனையிறவும் சங்குப்பிட்டிப் பாதையும் அடைபட்டபின் எஞ்சியது கிளாலிக் கடனீரேரி. இரவில், விளக்கின்றி, சிறு படகுகளில் மக்கள் அதனைக் கடந்தனர். படகுக்கும் எரிபொருள் வேண்டுமாதலால், ஒரே இயந்திரப் படகின் பின்னால் வேறு படகுகளைக் கயிற்றிற் கட்டி இழுத்துச் செல்வர். 1993 சனவரி 2ஆம் நாள் இரவு கடற்படையினர் அவ்வாறு சென்ற பயணிகளைத் தாக்கிக் கொன்றனர். புற்றுநோய்க்கு மகரகமை செல்லவேண்டிய நோயாளியும் இவ்வழியேதான் செல்லவேண்டியிருந்தது. செஞ்சிலுவைச் சின்னம் தாங்கிய கப்பலில் இடம் கிடைத்தவர் பாக்கியசாலிகள்.

1994 ஓகஸ்டில் சந்திரிகா குமாரதுங்கவின் அணி ஆட்சிக்கு வந்தபின் தடைகளிற் சில தளர்த்தப்பட்டன. 1995 சனவரி 8ஆம் நாள் போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. அந்நாள்களில் அரசாங்கத்துக்கும் புலிகளுக்குமிடையே நடந்த கடிதப் போக்குவரத்தில் எரிபொருள் திரும்பத் திரும்ப இடம்பெறுகின்றது. ஓர் இனத்தின் அரசியல் உரிமையைப் பற்றிப் பேச உட்கார்ந்தவர்கள் டீசலையும் பூநகரிப் பாதையையும் பற்றியே மாதக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தார்கள் என்று பின்னாளிற் கேலி செய்தோர் உண்டு. நான் அக்கேலியிற் சேரமாட்டேன். இருளிலிருந்த மக்களுக்கு அது அற்ப விடயமன்று. ஆயின், இரு தரப்பினரும் அவ்விருளை நீக்குவதைவிட அதைப் பேரப் பொருளாக வைத்திருப்பதிலேயே கருத்தாயிருந்தனர் என்ற ஐயம் எனக்குண்டு. ஏப்ரல் 19ஆம் நாள் போர் மீண்டது. ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் நாவற்குழிப் பாதையில் இறங்கியது. வைத்தியசாலையும் இடம்பெயர்ந்தது, நோயாளரும் கருவிகளும் மந்திகைக்குச் சென்றனர். எரிபொருளற்ற வீதியில் இலட்சக்கணக்கானோர் நடந்தே சென்றபோது, நடக்கமுடியாத முதியோர் சைக்கிளிலும் தோளிலும் சென்றனர். சிலர் வீடுகளிலேயே விடப்பட்டனர்.

இராணுவக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபின்னும் குடாநாடு கப்பலையே நம்பியிருந்தது. 2002இல் ஏ9 வீதி திறந்தபோது எரிபொருள் லொறிகள் வந்தன. 2006 ஓகஸ்ட் 11ஆம் நாள் அவ்வீதி மீண்டும் மூடப்பட, பழைய வரிசைகள் திரும்பின. வீட்டுக் கூரைகளுக்கு மேலே செருகி வைத்திருந்த ஜாம் போத்தல்களும் கீழே இறங்கின.

2022ஆம் ஆண்டில் இலங்கை முழுவதற்கும் எரிபொருள் இல்லாமற் போயிற்று. போரினால் வந்த பஞ்சமன்று அது. அந்நியச் செலாவணி வற்றியதால் வந்தது. யூன் மாத இறுதியில், அத்தியாவசியச் சேவைகளுக்கன்றி மற்றெவருக்கும் எரிபொருள் விற்பனை இல்லையென அரசாங்கம் அறிவித்தது. அத்தியாவசியச் சேவைகளின் நிரலில் சுகாதாரமும் இருந்தது. வைத்தியர் வேலைக்கு வரமுடியவில்லை, சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்படுகின்றன, அம்புலன்சுக்கு என்ன வழி என்றெல்லாம் தென்னிலங்கைப் பத்திரிகைகள் நாள்தோறும் எழுதின, பாராளுமன்றத்திலும் கேட்டார்கள். கேட்டது முற்றிலும் நியாயம். அம்மாதங்களில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் வரிசையில் நின்ற முதியவர் ஒருவர், பின்னால் நின்ற இளைஞனிடம், கார்களில் மண்ணெண்ணெயை ஊற்றிப் பார்க்கவேண்டாம், இப்போதைய இயந்திரங்கள் அதற்குச் சரிவரா என்று விளக்கிக்கொண்டிருந்தார். அன்று மண்ணெண்ணெய்க்கும் வரிசை இருந்தது.